முற்றத்தில் காய்ந்த நெல்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் விளிம்பில் நான் வடிவமைத்த அலுவலக வளாகத்தின் முன்முற்றம், சுற்றுவட்டார விவசாயிகள் நெல் காயவைப்பதற்கென்றே திட்டமிட்டு வரையப்பட்டது என்று ஒரு கட்டடக்கலை இதழில் அச்சாகியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு உங்களில் சிலர் எனக்குப் பாராட்டு அனுப்பினீர்கள். ஒரு கல்லூரியில் அதைப் பாடமாகவே நடத்துவதாகவும் கேள்விப்பட்டேன். அந்தச் செய்தி தவறு. எனக்கு உரியதல்லாத பழி எதையும் நான் சுமந்ததில்லை. உரியதல்லாத புகழையும் சுமக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இத்தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, வரைபடத்தைவிட இது பயன்படும்.

தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்களை வடிவமைத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்று அந்த வளாகத்தைக் கட்டியது. அதன் இயக்குநருக்கு ஒரே கவலை. சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் வரும் இளம் பொறியாளர்கள், ஓர் ஆண்டு முடிவதற்குள் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார்கள். ஒரு பக்கம் உருக்காலைப் புகை, மறுபக்கம் கண்டெய்னர் லாரிகள். நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டியை நிறுத்தி, உள்ளே குளிர்சாதனத்தை ஓடவிட்டால் மட்டும் ஒருவர் அங்கே தங்கிவிட மாட்டார் என்பதை அவரும் உணர்ந்திருந்தார்.

நான் உயரம் குறைந்த நான்கு கட்டடங்களை வரைந்தேன். அவற்றை நிழல் நடைபாதைகளால் இணைத்தேன். நிலத்தில் முன்பே இருந்த குட்டையைத் தூர்க்காமல் ஆழப்படுத்தினேன். புங்கையும் பூவரசும் இருந்த இடத்திலேயே இருக்க, சுவர்கள்தாம் வளைந்து சென்றன. இயக்குநர் முதல் காவலாளி வரை உண்பதற்கு ஒரே உணவுக்கூடம். இவை எல்லாவற்றையும் அவர் மகிழ்ச்சியோடு ஏற்றார். ஒன்றை மட்டும் ஏற்க மறுத்தார். ஊர்ச் சாலையை ஒட்டிய பக்கத்தில் நான் மதில் வரையவில்லை.

அங்கே மதிலுக்குப் பதிலாக அகன்ற முற்றம் ஒன்றை வைத்திருந்தேன். ஊருக்கும் அலுவலகத்துக்கும் பொதுவான பேருந்து நிறுத்தம், நிழலில் கல் இருக்கைகள், ஒரு தேநீர்க்கடை. கட்டடங்களுக்குத் தனித்தனியே கதவும் காவலும் உண்டு. முற்றம் மட்டும் திறந்திருக்கும். தளத்துக்கு, இடைவெளி விட்டுப் பதிக்கும் கற்களைத் தேர்ந்தேன். மழைநீர் கற்களின் இடுக்கு வழியாக மண்ணுக்குள் இறங்கிக் குட்டைக்குப் போய்ச் சேரும். சாம்பலும் செம்மையும் மாறிமாறி வரும் அந்தக் கல் வரிசையை நானே தரையில் மண்டியிட்டு ஒழுங்குபடுத்தினேன். அதைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது, இன்றும் இருக்கிறது.

பல கூட்டங்களுக்குப் பிறகு இயக்குநர் இணங்கினார். இணங்கியதோடு நிற்காமல், தம் நிறுவனத்தின் விளம்பர ஏட்டில் 'சமூகத்துக்குத் திறந்த வளாகம்' என்று முதல் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

கட்டுமானம் தொடங்கும் முன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. வரைபடத்தைச் சுவரில் மாட்டி நான் பேசினேன். "இந்த முற்றம் உங்களுக்கும் உரியது. யார் வேண்டுமானாலும் வரலாம், நிழலில் அமரலாம்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். வளாக நிலத்துக்கு அடுத்தாற்போல் இரண்டு காணி வைத்துப் பயிர் செய்யும் தேசம்மா என்பவர்.

"வந்தா வாட்ச்மேன் வெரட்ட மாட்டானா சார்?"

"விரட்ட மாட்டார்."

"நீ சொல்ற. அவன் சொல்லணுமே" என்றார் அவர். கூட்டம் சிரித்தது.

"நான் சொல்கிறேன், அம்மா. அது போதும்" என்றேன்.

இந்த வாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது எனக்குத் தேவைப்பட்டது.

திறப்பு விழா, சொர்ணவாரி என்னும் கோடைப் போகத்தின் அறுவடைக் காலத்தில் அமைந்தது. பகலில் வெயில், மாலையில் மழை என்று வானம் நம்பிக்கை தராத பருவம். விழாவுக்கு முந்தைய நாள் காலையில், திருவள்ளூரில் நான் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்தபோது வளாக மேலாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், உடனே கிளம்பி வாங்க. முற்றம் ஃபுல்லா நெல்லு."

பெரியபாளையம் வழியாக விரைந்தேன். போய்ச் சேர்ந்தபோது என் கல் வரிசையில் ஒரு கல்லும் கண்ணுக்குத் தெரியவில்லை. முற்றம் முழுவதும் நெல் பரவியிருந்தது. விழாவுக்கென வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகளை நகர்த்தி, நெல்லைச் சுற்றி எல்லை வைத்திருந்தார்கள். வண்டி ஏறாமலிருக்கச் சாலையில் கல் அடுக்குவார்களே, அப்படி. நடுவில் தேசம்மா காலால் நெல்லைத் துழாவிக் கிளறிக்கொண்டு நடந்தார். காவலாளி எல்லைக்கு வெளியே நின்று மன்றாடிக்கொண்டிருந்தார். அவரும் அதே ஊர்க்காரர்.

"யக்கா, சொன்னா கேளு. மேனேஜரு என் வேலைக்கே உல வெச்சிடுவாரு. வாரிடு."

"வாரி எங்க கொட்டறது நைனா, உன் தொப்பியிலயா?"

"எப்பவும் ரோட்டுல தான போடுவ. அங்கயே போடேன்."

"போடறேன். கண்டெய்னர்காரன் வந்து ஏறட்டும். நெல்லையும் என்னியும் சேத்து மாவா அரைக்கட்டும். நீ வந்து அள்ளிக்கினு போயி தோச சுட்டுத் துன்னு."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஊர்ச் சாலையை அகலப்படுத்தியதே எங்கள் கட்டுமான வண்டிகளுக்காகத்தான். அகலமானதும் தொழிற்பேட்டை லாரிகள் அதைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டன. பல ஆண்டுகளாக ஊரார் நெல் காயவைத்த தார்ச்சாலை, அந்தப் பருவத்தில் அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது.

என்னைக் கண்டதும் அவர் காலை நிறுத்தினார்.

"தோ, கட்டனவரே வந்துட்டாரு. நீயே சொல்லு சார். மிஷின்ல அறுத்த நெல்லு. நேரா கொள்முதல் சென்டருக்கு எட்துகினு போனா, ஈரமா கீது, காயவெச்சி எட்துகினு வான்னு திருப்பி அனுப்சிட்டான். இன்னும் ரெண்டு வெயிலு பட்டா போதும். நனஞ்சி மொள வுட்டுச்சின்னா அப்பால கோழிக்குக் கூட ஆவாது. மொத்த போகமும் இதான். இத்த வுட்டா ஊட்ல ஒண்ணும் இல்ல."

நான் சொன்னேன்: "அமரலாம் என்றுதான் அன்று சொன்னேன், அம்மா. நெல் கொட்டலாம் என்று சொல்லவில்லை."

"எங்களுக்கு எங்க சார் குந்த நேரம்? எங்களுக்குப் பதிலா நெல்லு குந்திகினு கீது."

காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் வெளிநாட்டிலிருந்து தாய் நிறுவனத்தின் தலைவர் வருகிறார். அவர் முதலில் கால் வைக்கப்போகும் இடம் என் தளம். அதன்மேல் தார்ப்பாயும் சாக்கும் கூடையும் கிடந்தன.

உள்ளே அழைத்தார்கள். அறையில் இயக்குநரும் மேலாளரும் இருந்தார்கள். இயக்குநர் குரலை உயர்த்துகிறவர் அல்லர். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத் தொடங்கினார்.

"சார், ஒரு டெக்னிக்கல் சந்தேகம். அந்தக் கல்லு இடுக்குல நெல்லு தூசி, பதர் எல்லாம் இறங்கினா என்ன ஆகும்?"

"நாளடைவில் அடைத்துக்கொள்ளும். நீர் இறங்குவது குறையும்."

"அப்போ தளத்துக்குக் கெடுதல்தானே?"

"கெடுதல்தான்."

அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அதை மட்டும் நீங்க வெளியில வந்து அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க சார். பஞ்சாயத்துத் தலைவரும் வராரு, அவர் முன்னாடியே சொல்லிடுங்க. நாங்க சொன்னா, திறந்த வளாகம்னு சொல்லிட்டு கம்பெனி விரட்டுதுன்னு ஆயிடும். நீங்க சொன்னா அது இன்ஜினியரிங். நாளைக்கே ஒரு சின்ன வேலியும் போட்டுடலாம், தளத்தைப் பாதுகாக்கன்னு." தேநீரை என் பக்கம் நகர்த்தி, "செகண்ட் ஃபேஸ் டிராயிங் பத்தியும் விழா முடிஞ்சதும் உட்கார்ந்து பேசணும்" என்றார்.

நண்பர்களே, இந்த இடத்தைச் சற்று நிதானித்துப் பாருங்கள். பொய் சொல்லும்படி என்னை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை எளிது, எழுந்து வந்திருப்பேன். உண்மையைச் சொல்லும்படிதான் கேட்டார்கள். அந்த உண்மை என் துறைக்குள் இருந்தது. என் தளத்தைக் காப்பாற்றக் கூடியது. என் கோபத்துக்கும் இசைவாக இருந்தது. இரண்டாம் கட்டப் பணியை நம்பித்தான் எங்கள் அலுவலகத்தில் பலர் இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் கொடுத்த வாக்கு மட்டுமே எதிர்ப்பக்கத்தில் நின்றது.

சற்று நேரம் கொடுங்கள் என்று கேட்டு வெளியே வந்து, நடைபாதை நிழலில் நின்றேன். என் முதல் தலைவர், என்னை வரைபலகையில் அமர்த்தியவர், கட்டட உரிமையாளர் எதையாவது கேட்கும்போது ஒரு கேள்வியை முணுமுணுப்பார்: "இவர் என் கணக்கைக் கேட்கிறாரா, என் குரலைக் கேட்கிறாரா?" அப்போது அது எனக்கு வெறும் பேச்சழகாகப் பட்டது. அன்றுதான் அதன் பொருள் விளங்கியது. கல் அடைபடுமா என்பது இயக்குநருக்கு ஒரு பொருட்டே அன்று. அவர் எடுக்கத் தயங்கிய முடிவை எடுப்பதற்கு என் குரல் அவருக்குத் தேவைப்பட்டது.

அறைக்குத் திரும்பினேன்.

"ஐயா, கல்லில் பதர் அடைத்துக்கொள்ளும் என்பது ஒரு வாக்கியத்தின் முதல் பாதி. அழுத்தமாக நீர் பாய்ச்சிக் கழுவினால் அடைப்பு நீங்கிவிடும் என்பது மறு பாதி. தென்புறம் ஓடும் தீயணைப்பு வண்டிப் பாதை முழுக் கான்கிரீட். அங்கே நெல் கிடந்தால் எந்தக் கெடுதலும் இல்லை. வண்டி வர இடம் விட்டுப் பரப்பினால் போதும் என்பதும் அதில் அடங்கும். கேட்டால் முழு வாக்கியத்தையும் சொல்வேன், பஞ்சாயத்துத் தலைவர் முன்னிலையிலும் சொல்வேன். பாதி வாக்கியம்தான் வேண்டுமென்றால் வேறு ஒருவரைக் கேளுங்கள். அவர்களை வெளியேற்றுவது உங்கள் உரிமை. அதை உங்கள் பெயரில் செய்யுங்கள்."

இயக்குநர் கையிலிருந்த பேனாவை மூடினார். "நீங்க எங்க ஆர்க்கிடெக்ட்னு நினைச்சேன்" என்றார்.

"அதனால்தான் சொல்கிறேன்" என்றேன்.

தம் பெயரில் வெளியேற்ற அவர் விரும்பவில்லை. சாயங்காலத்துக்குள் தாமே வாரிவிடும்படி அவர்களிடம் 'பேசிப் பாருங்கள்' என்று மேலாளருக்குச் சொல்லிவிட்டுப் போனார். மேலாளர் பேசிப் பார்த்தார். தேசம்மாவிடம் பேசிப் பார்ப்பது எளிய வேலை அன்று. கான்கிரீட் பாதைக்கு நெல்லை மாற்றுவதற்கு மட்டும் அந்த அம்மாள் ஒப்புக்கொண்டார். வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் கூடையோடு வந்து, பாதி நெல்லை மாற்றியும் விட்டார்கள்.

அப்போது கிழக்கே கடல் பக்கம் வானம் கறுத்தது. காற்று திரும்பியது. தார்ப்பாய்கள் போதவில்லை. முதல் துளி விழுந்தபோது தேசம்மா எவரையும் கெஞ்சவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரு கைகளாலும் நெல்லைக் குவிக்கத் தொடங்கினார். நான் நிழலில் நின்றிருந்தேன். என் வாக்கியம் முழுமையாக இருந்தது, நெல் நனைந்துகொண்டிருந்தது.

எதிர்பாராததைச் செய்தவர் மேலாளர். காலையிலிருந்து நெல்லை வெளியேற்றப் பாடுபட்டவர் அவர். முன்வாயிலில் கார் வந்து நிற்பதற்கான கூரையடி இருந்தது. விழாவுக்கு அங்கே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். அவர் ஓடிப்போய்க் கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

"வாட்ச்மேன், எல்லாத்தையும் கூரைக்கு அடியில தள்ளச் சொல்லுப்பா. சீக்கிரம்."

நான் அவரை வியப்போடு பார்த்ததைக் கவனித்துவிட்டு, "நனைஞ்ச நெல்லு நாறும் சார். நாளைக்கு கெஸ்ட் வராங்க" என்றார். அதற்கு மேல் அவர் எந்தக் காரணமும் சொல்லவில்லை. ஆனால் அவரும் கால்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, பலகை பிடித்து நெல் தள்ளினார். காவலாளி தள்ளினார். தேநீர்க்கடைக்காரர் தள்ளினார். நானும் ஒரு தார்ப்பாயின் முனையைப் பிடித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன். அதற்கு மேல் ஏதும் செய்ததாகச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையிலும் தூறல் நிற்கவில்லை. வெளிநாட்டுத் தலைவரின் கார் கூரையடிக்கு வந்தது, அங்கே இடமில்லை. ஆளுயரக் குவியலாக நெல் இருந்தது. அதன் அருகே தேசம்மா சாக்கு விரித்துக் குத்தவைத்திருந்தார். தலைவர் குடை பிடித்துக்கொண்டு இறங்கினார். நெல்லைப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். இது என்ன என்று இயக்குநரைக் கேட்டார்.

இயக்குநர் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு, மழையில் நின்றபடியே, கையை விரித்து முற்றத்தைக் காட்டி, இது சமூகத்துக்குத் திறந்த வளாகம் என்றும், சுற்றிலுமுள்ள விவசாயிகளின் அறுவடைக்காகவே இந்த முற்றம் சிறப்பாக வடிவமைக்கப்பட்டது என்றும் ஆங்கிலத்தில் விளக்கினார். "அந்தச் சிந்தனை முழுவதும் எங்கள் கட்டடக் கலைஞருடையது" என்று என்னைச் சுட்டினார். தலைவர் என் கையைப் பற்றிக் குலுக்கினார். படம் எடுத்தார்கள். இதழில் வந்த செய்திக்கு வேர் இதுதான்.

நான் மறுக்கவில்லை.

முந்தைய நாள் பாதி உண்மைக்குக் குரல் தர மறுத்தவன், மறுநாள் ஒரு முழுப் பொய்யின் நடுவே வாய்மூடி நின்றான் என்று உங்களில் கூர்மையான எவரேனும் கேட்கலாம். கேட்க வேண்டும். என் விடை இதுதான். அந்தக் கணத்தில் நான் திருத்தியிருந்தால், எனக்கு நேர்மையாளன் என்ற பெயர் கிடைத்திருக்கும். நெல்லுக்கு இடம் போயிருக்கும். இயக்குநர் தம் வாயால், தம் மேலிடத்துக்கு முன்னால், அந்த நெல்லுக்கு ஒரு கூரை கட்டிவிட்டார். அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை. நெல் இன்னும் காயவில்லை. அழுத்தத்தில் எடுக்கும் முடிவில், உங்கள் பெயருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி எழத்தான் செய்யும். எழட்டும். அதற்கு இரண்டாம் இடம் கொடுங்கள். நான் பெயரை அற்பமாக நினைக்கிறவன் அல்லன் என்பதை அறிவீர்கள். ஆகவே இதை நான் சொல்வதற்கு ஏதோ மதிப்பு இருக்கும்.

இரண்டாம் கட்டப் பணி வேறொரு அலுவலகத்துக்குச் சென்றது. காரணம் சொல்லப்படவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்தக் கட்டடங்கள் பின்புறம், மதிலுக்குள் நிற்கின்றன. முன்முற்றத்தில் மட்டும் இன்றுவரை வேலி வரவில்லை. மேலிடத்துக்குச் சொன்னதை எவரும் மாற்றிச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் கான்கிரீட் பாதையிலும் அதை ஒட்டிய தளத்திலும் நெல் காய்கிறது. முடிந்ததும் நிறுவனமே நீர் பாய்ச்சிக் கழுவுகிறது. மதிய உணவுக்குப் பின் பொறியாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லில் நடந்து கிளறிக் கொடுப்பதாகவும், அதற்கு ஆள் மாற்றி முறை வைத்திருப்பதாகவும் மேலாளர் எழுதினார். வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்களா என்று நான் அறியேன். அதற்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் கற்பிக்க வேண்டாம்.

அண்மையில் ஓர் உறவினரின் திருமணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது வண்டியை நிறுத்தி இறங்கினேன். பூந்தொட்டிகள் வழக்கம்போல் நெல்லுக்கு எல்லை காத்துக்கொண்டிருந்தன. தேசம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா சார், நெல்லு காயத்தான் இத்த நீ கட்டனியாமே. புஸ்தகத்துல போட்டு கீதுன்னு மேனேஜர் காட்டனாரு."

அன்று முற்றத்தில் நடந்த எல்லாவற்றையும் நேரில் கண்டவர் அவர்.

"அன்னிக்கி ஸ்கூல்ல கூட்டம் போட்டப்பவே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல" என்றார், முகத்தில் சிரிப்பின் சுவடு இல்லாமல். "இன்னும் கொஞ்சம் பெருசா கட்டச் சொல்லி கேட்டிருப்போமே."

மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கிழக்கே மழைமேகம் இருட்டிவிட்டது. அவர் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே இங்கே மறுக்கிறேன்.